வறண்ட துளையும் ஊர்ச் சொத்தே

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறையாலானது என்பதும், அப்பாறையில் நீர் தங்குவது மேலேயுள்ள சிதைவு அடுக்கிலும் கீழே அங்கங்கே ஓடும் வெடிப்புகளிலும் மாத்திரமே என்பதும் பூகர்ப்ப சாஸ்திரம் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் உண்மைகளாகும். ஆகவே சேலம், தருமபுரி, கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்களில் ஒருவருடைய தோட்டத்தில் நீர் பீறிட, வரப்புக்கு அப்பால் ஆழ்துளைக் கிணறு போட்டவருக்கு ஆயிரம் அடியிலும் புழுதியே கிடைப்பது தலைவிதியன்று, பாறையின் சுபாவம்.

அந்தச் சுபாவத்தை முன்கூட்டியே ஒருவாறு அறிய மார்க்கம் உண்டு. நான்கு இரும்பு முளைகளை நேர்க்கோட்டில் அடித்து, மண் காய்ந்திருந்தால் முளையடியில் சிறிது நீர் வார்த்து, வெளிமுளைகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்முளைகளுக்கிடையே எழும் மின்னழுத்தத்தை அளந்து, வெளிமுளைகளைப் படிப்படியாக அகற்றிக்கொண்டே போனால், மேன்மேலும் ஆழத்திலுள்ள அடுக்குகளின் மின்தடை புலப்படும். வறண்ட பாறை ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர் காட்ட, நீர் ஊறிய சிதைவுப் பாறை சில பத்துகளோ, ஓரிரு நூறோதான் காட்டும். ஆயினும் களிமண்ணும் உப்புநீரும் இவ்வாறே குறைந்த அளவைக் காட்டுமாதலாலும், எண்ணூறு அடிக்குக் கீழ் ஓடும் மெல்லிய வெடிப்பு கருவிக்கு எளிதில் அகப்படாதாதலாலும், அளவீடு மட்டும் போதாது. அக்கம்பக்கத்துத் துளைகளின் சரித்திரமும் வேண்டும்.

கருவியின் குறையைக் காரணங்காட்டி, நீர் பார்க்க உள்ளங்கைத் தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்பிக் கடன் வாங்குவதே முன்னோர் வழியென்று சிலர் வாதிப்பர். ஆனால் அந்த முன்னோருள் ஒருவரான வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதையில், மரங்களையும் கரையான் புற்றுகளையும் அடையாளமாகக் கொண்டு நீரை அறியும் முறைகளைத் தொகுத்துவைத்தார். கண்டவற்றைப் பின்வருவோருக்காக எழுதிவைத்த அந்த வழக்கமே நாம் போற்ற வேண்டிய பிதுரார்ஜிதம்.

இன்றோ, எத்தனை அடியில் கேசிங் குழாய் நின்றது, எங்கே கல்லின் நிறம் மாறியது, எந்த ஆழத்தில் வெண்புழுதி சேறாயிற்று, எத்தனை அங்குலம் நீர் வந்தது என்பதையெல்லாம் ரிக் வண்டிக்காரர் கண்ணெதிரே கண்டும், அடிக்கணக்கில் கூலி பெற்றுக்கொண்டு விடியுமுன் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார். அந்த ஞானமும் அவரோடு போய்விடுகிறது. கைவிட்ட துளைகளை மண்ணிட்டு மூடவும், உபயோகத்தில் உள்ளவை எத்தனை, மூடப்பட்டவை எத்தனை என்று மாவட்டந்தோறும் கணக்கு வைக்கவும் 2010-ல் உச்சநீதிமன்றம் நெறிகள் வகுத்தது. எண்ணிக்கைக்கு இடமுள்ள அந்தப் பதிவேட்டில் பாறையின் விவரத்துக்கும் இடம் கொடுப்பது அரசாங்கத்துக்கு அசாத்தியமான காரியமன்று.

நீர் கண்டதாயினும் காணாததாயினும், ஒவ்வொரு துளையின் விவரமும் மின்தடை அளவீட்டோடு ஊராட்சி அலுவலகத்தில் சேர்க்கப்பட்டு, கேட்கும் விவசாயிக்கெல்லாம் இலவசமாகக் காட்டப்பட வேண்டும். ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துத் தெரிந்துகொண்டதை, பக்கத்து வீட்டுக்காரர் மீண்டும் நகையை அடகு வைத்தே தெரிந்துகொள்ள விடுவது, ஒரு சமூகம் தனக்குத்தானே இழைத்துக்கொள்ளும் அநீதியாகும்.