விற்பனைக்கு முன் கணக்கு எங்கே?

“விற்றுத் தள்ளு! தண்டச் சம்பளம்!”

உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் இந்தக் கோஷத்தை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இரவெல்லாம் கண்விழித்து இங்கிலாந்துக் கால்பந்தாட்டத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, காலையில் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நமது வாலிபர்கள் எழுப்புகிற கோஷம் அது. பல கோடி கொடுத்து வாங்கிய முன்கள ஆட்டக்காரர் கோல் போடவில்லை. ஆகவே அவரை விற்க வேண்டுமாம்! ஆட்டக்காரரின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, கோஷம் மாறுவதில்லை. (அந்த ஆட்டக்காரரை ‘ஸ்டிரைக்கர்’ என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது ஏதோ வேலைநிறுத்தத் தகராறு என்றே நினைத்து நாம் அருகில் போனோம்!)

விற்கக் கூடாது என்பது நமது வாதம். கோல் போடாதவருக்கு மாலை போடும்படி நாம் சொல்லவில்லை. வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்காமல் வாங்கப்பட்டவரை விற்பது, செய்த தவறைப் பாயின் கீழ் தள்ளி மறைக்கிற வேலை என்கிறோம்.

ஆத்திரமின்றிப் பேச வேண்டுமானால், முழுக் கணக்கும் முடிந்துபோன ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. லண்டனில் செல்சி என்று ஒரு கிளப். 2011ல் ரொமேலு லுகாகு என்ற பெல்ஜிய வாலிபரை, அவருக்கு 18 வயதிருக்கும்போது, அது வாங்கிற்று. போதிய ஆட்டம் கொடுக்காமல் வெளியே அனுப்பி, 2014ல் எவர்ட்டன் கிளப்புக்கு 2.8 கோடி பவுண்டுக்கு விற்றது. அதே ஆளை 2021ல் இத்தாலியின் இன்டர் மிலானிடமிருந்து 9.75 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கிற்று! நம் நாணயத்தில் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். அறுவடைக் களத்தில் கடன்காரனுக்குப் பயந்து நெல்லை அள்ளிக் கொடுத்துவிட்டு, விதைப்புக் காலத்தில் இரட்டை விலைக்கு விதை வாங்குகிற நமது சிறு விவசாயிக்காவது வறுமை என்ற காரணம் இருக்கிறது. இந்தக் கோடீஸ்வரர்களுக்கு என்ன காரணம்?

வந்த ஆண்டில் லீக் ஆட்டங்களில் அவர் போட்டது 8 கோல். “போதாது!” என்று கூச்சல். ஆனால் எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 15 கோல். அந்த ஆண்டு அந்தக் கிளப்பில் அதிகக் கோல் போட்டவர் அவர்தான்! 2022 பிப்ரவரியில் உலகக் கிளப் கோப்பையின் அரை இறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டவரும் அவர்தான். இதைக் கூச்சல் போட்டவர்கள் சொல்வதில்லை.

அதே மாதம் கிரிஸ்டல் பாலஸ் கிளப்புடன் நடந்த ஆட்டத்தில் 90 நிமிடங்களில் அவர் பந்தைத் தொட்டது ஏழே முறை. அதில் ஒன்று ஆட்டத் தொடக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து தள்ளியது! உலகமே சிரித்தது. சோம்பேறி என்று எழுதினார்கள். நாம் கேட்கிறோம்: பந்து அவரிடம் வந்ததா? இன்டர் மிலானில் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு முன்கள ஆட்டக்காரர் உண்டு. எதிரே காலி இடம் உண்டு. அதில் ஓடித்தான் 2020-21ல் 24 லீக் கோல் போட்டு அந்தக் கிளப்பை இத்தாலியின் சாம்பியன் ஆக்கினார். செல்சியிலோ தன்னந்தனியாக, எதிரியின் கோலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே நின்றார். ஏர் மாட்டைச் செக்கில் கட்டிவிட்டு, உழவில்லை என்று அடிப்பது எந்த ஊர் நியாயம்?

அவர் மீதும் குற்றம் உண்டு, மறைப்பானேன்? 2021 டிசம்பர் இறுதியில், இங்கே தனக்கு மகிழ்ச்சியில்லை என்று இத்தாலியத் தொலைக்காட்சியிடம் போய்ச் சொன்னார். உள்ளே பேச வேண்டியதை வெளியே பேசுவது எந்த ஸ்தாபனத்திலும் தவறுதான். (நமக்கும் அப்படிச் சில தோழர்களைத் தெரியும்.) அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை, அவரும் மன்னிப்புக் கேட்டார். தண்டனை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2022ல் இரவலாக இன்டர் மிலானுக்கு. 2023ல் இரவலாக ரோமாவுக்கு. 2024ல் விற்பனை, நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி கிளப்புக்கு, சுமார் 3 கோடி யூரோவுக்கு. ஏன் முதலிலேயே விற்கவில்லை? இங்கேதான் ரகசியம். வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு ஒரு பங்காகக் கணக்கில் எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 1.95 கோடி பவுண்டு. ஓராண்டு கழித்தும் ஏட்டில் 7.8 கோடி பாக்கி. அதற்குக் குறைத்து விற்றால் நஷ்டம் அன்றே ஏட்டில் ஏறும். ஆகவே ஏட்டில் பாக்கி கரையும்வரை ஆளை ஊர் ஊராக இரவல் அனுப்பினார்கள். மைதானத்தில் நடந்த ஆட்டத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் மேஜையில் நடந்த ஆட்டமே பெரிது!

சரி, வாங்கியது யார்? அப்போது கிளப்பின் சொந்தக்காரர் ரோமன் அப்ரமோவிச். சோவியத் மக்கள் உழைத்துத் தோண்டிய எண்ணெய், 1995ல் சிப்நெஃப்ட் என்ற கம்பெனியாகச் சுமார் 10 கோடி டாலருக்குத் தனியார் கைக்குப் போயிற்று. 2005ல் அதைத் திரும்ப அரசுக் கம்பெனிக்கு விற்றபோது விலை 1,300 கோடி டாலர். இடையில், 2003ல், வாங்கப்பட்டதே இந்தக் கால்பந்துக் கிளப். 2022 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அவர் சொத்தை முடக்கியது. மே மாதம் 250 கோடி பவுண்டுக்கு அமெரிக்க முதலாளிகள் கிளப்பை எடுத்தார்கள். விலை பேசியவர் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குப் பழைய பேரம் பொறுப்பில்லை. பழி முழுவதும் பூட்ஸ் கட்டியவன் தலையில்!

நமது ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள். ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவனை அது கிட்டவே சேர்க்கவில்லை; ஆகவே அதைத் தலையில் வைத்துக் கூத்தாடுபவர்களல்ல நாம். ஆனாலும் அதில் ஒரு விதி உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது. ஆயிரம் கோடியைப் பேரம் பேசிய லண்டன் கனவான்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

“விற்றதால் கிளப் தேறியிருக்குமே?” என்பார்கள். பாருங்கள்! லுகாகுவை அனுப்பிய 2022-23ல் செல்சி 38 ஆட்டங்களில் போட்டது 38 கோல்; லீக்கில் 12ஆம் இடம்! அதே ஆண்டு அவர் ஆடிய இன்டர் மிலான் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போயிற்று. 2024-25ல் அவர் 14 லீக் கோல் போட, நாப்போலி இத்தாலியின் சாம்பியன். பயிற்சியாளர், இன்டரில் அவரை ஆடவைத்த அதே கோன்டே.

அதே செல்சி வேறொருவரை விற்காமல் வைத்திருந்ததும் உண்டு. 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்கு வந்த பெர்னாண்டோ டோரஸ் முதல் கோல் போட ஏப்ரல் 23 ஆயிற்று. எவ்வளவு கேலி! ஆனால் 2012 ஏப்ரலில் பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில், கடைசி நிமிடத்தில் தனியாக ஓடி கோல்கீப்பரையும் தாண்டி கோல் போட்டு, செல்சி இறுதிக்குப் போவதை உறுதி செய்தவர் அவர்தான். அந்த ஆண்டு ஐரோப்பாவின் கோப்பை லண்டனுக்கு வந்தது.

கால்பந்து அறியாத வாசகர்களுக்குச் சென்னைக் கதை போதும். 2022 டிசம்பர் ஏலத்தில் பென் ஸ்டோக்ஸ் என்ற இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆட்டக்காரரைச் சென்னை அணி 16.25 கோடி ரூபாய்க்கு எடுத்தது. நெடுநாளாக முழங்கால் உபாதை உள்ளவர். ஆடியது இரண்டே ஆட்டம். எடுத்தது 15 ரன். 2023 நவம்பரில் விடுவித்தார்கள். “தண்டம்!” என்று நம் வாலிபர்கள் அவரை ஏசினார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நம் சம்சாரி கன்றுக்குட்டிகூட வாங்குவதில்லையே! ஏலத்தில் கை தூக்கியவரை ஏசியவர் எத்தனை பேர்?

‘விற்பது’ என்ற சொல்லே நமக்கு உறுத்துகிறது. ஒப்பந்தம் முடிந்தபிறகும் ஆட்டக்காரனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் வழக்காடி, 1963ல் அது நியாயமற்றது என்று தீர்ப்பு வாங்கினார். ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் விலை கேட்கும் வழக்கத்தை ஐரோப்பிய நீதிமன்றத்தில் 1995ல் உடைத்தவர் போஸ்மான் என்ற பெல்ஜியர். இருவரும் கோர்ட்டுப் படி ஏறியது, தாம் சரக்கல்ல என்று காட்டத்தான்.

கோடிகளில் புரளுபவனுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் “பெர்பாமன்ஸ் இல்லை” என்ற அந்த ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் ஒரகடத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளியைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறார்கள். மெஷினைத் தேர்ந்தெடுத்தவரை எவரும் கேட்பதில்லை. அதே வார்த்தையை அந்தத் தொழிலாளியே டீக்கடையில் நின்று இன்னொருவன் மேல் வீசும்போது நமக்குச் சுருக்கென்கிறது.

“அப்படியானால் வாராவாரம் தோற்கச் சொல்கிறீர்களா, தோழரே?” என்று ஒரு வாலிபர் சென்ற வாரம் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. கோல் போடாதவரைப் பெஞ்சில் உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு துணையைக் கொடுத்து இறக்கிப் பாருங்கள். ஒரு ஆண்டு போதாது, இரண்டு ஆண்டு பாருங்கள். அவரே போக விரும்பினால் தடுக்க வேண்டாம். அதற்குள் அவரை வாங்கிய கமிட்டியில் கையெழுத்துப் போட்டவர்கள் யார், யார், எதைப் பார்த்துப் போட்டார்கள் என்ற கணக்கு வெளியே வரட்டும்.