பதினோராம் மணி வேலையாட்களும் 125 நாள் வாக்குறுதியும்



மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட உவமையைப் பலமுறை தியானித்திருக்கிறோம். பொழுது சாயும் வேளையிலும் சும்மா நின்றவர்களிடம் எஜமான் காரணம் கேட்கிறான். தங்களை வேலைக்கு அழைத்தவர் ஒருவருமில்லை என்கிறார்கள். அந்தப் பதிலில் சோம்பல் இல்லை, வேலையின்மையே இருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் அப்படி நிற்பவர்களை நாம் நன்கு அறிவோம். ஐப்பசி மழை பொய்த்தால் கரிசலில் களையெடுப்பு இல்லை. தை, மாசியில் கதிரறுப்பும் இல்லை. அத்தகைய ஆண்டுகளில் கண்மாய்க் கரையிலும் வரத்துக்கால்வாயிலும் மண்சுமந்த நூறு நாள் வேலையே பல வீடுகளில் உலை ஏற்றியது. தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வருபவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். 2005இல் இயற்றப்பட்ட அச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதா ஒன்று 2025 டிசம்பர் 16 அன்று மக்களவையில் அறிமுகமானது. காந்தியடிகளின் பெயர் நீக்கப்பட்டதே பெரிதும் பேசப்பட்டது. என் கவலை பெயரைப் பற்றியதன்று.

நூறு நாள் 125 நாளாகும் என்பது நல்ல செய்தியே. ஆயினும் நூறு நாள் என்று சட்டம் சொன்ன காலத்திலேயே, நாட்டளவில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சராசரியாக ஏறத்தாழ 50 நாள்தான். கொடுக்காத ஐம்பதை அப்படியே விட்டுவிட்டு இருபத்தைந்தைக் கூட்டுவதால் யாருக்குப் பயன்?

இரண்டாவது, பணம். இதுவரை உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. இனி நம்மைப் போன்ற மாநிலங்களில் செலவு 60க்கு 40 என்று பிரியும். 2025-26இல் நமது கூலி நாளொன்றுக்கு 336 ரூபாயாக இருந்தது. அக்கணக்கில் 125 நாளுக்கு 42,000 ரூபாய். அதில் 16,800 ரூபாய் மாநிலத்தின் தலையில் விழும். மேலும், ஆண்டு ஒதுக்கீட்டை மத்திய அரசே வரையறுக்கும். அதற்கு மேற்பட்டதை மாநிலம் சுமக்க வேண்டும். கேட்டவருக்கு வேலை என்ற உரிமை, ஒதுக்கியமட்டும் வேலை என்று சுருங்காதா? 2025இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றதை மறந்துவிட முடியாது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டினால், பாஸ்புத்தகத்தோடு நிற்கும் தாய் எந்த வாசலுக்குப் போவாள்? ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம். அதைக் கொடுக்கவேண்டியவன் யார் என்பதில் அங்கே ஐயமே இல்லை.

மூன்றாவது, விதைப்பும் அறுப்புமான பருவத்தில் மொத்தம் 60 நாள் இவ்வேலையை நிறுத்திவைக்கும் விதி. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற சம்சாரியின் முறையீடு பொய்யன்று. நம் சபைகளிலும் அவர்கள் உண்டு. பகுதிக்கேற்ப அந்நாட்களை அறிவிக்கவும் மசோதா இடமளித்தது. ஆனால் மழையை முன்கூட்டி அறிவிப்பவர் யார்? ஆற்றுப் பாசனமுள்ள ஊரில் பருவம் நாட்காட்டியை ஓரளவு அனுசரிக்கும். மானாவாரி நிலத்திலோ, மழை தவறிய ஆண்டில் அந்த அறுபது நாளும் காட்டிலும் வேலையிராது, கண்மாயிலும் வேலையிராது.

பழைய திட்டம் பழுதற்றது என்று நான் சொல்லவில்லை. வராதவருக்கு வருகை பதிவானதும், மரநிழலில் பொழுது கழிந்ததும் உண்டு. அந்தப் பாவத்தை அறிக்கையிட்டுத் திருத்த வேண்டும். ஆனால் களை மண்டியது என்பதற்காக எவரும் வயலின் வரப்பை வெட்டிவிடுவதில்லை.

கிறிஸ்து பிறப்பைக் கொண்டாட ஆயத்தமாகும் இந்நாட்களில் ஏழைகளுக்குப் புத்தாடை வழங்குகிறோம். அது நம் மனமுவந்த ஈகை. கூலியோ அவர்களுடைய உரிமை; ஈகையைக் காட்டி உரிமையை மறக்கலாகாது. ஆகவே இந்த வாரம் சட்டம் இயற்றுவோருக்காக ஜெபிப்போம். ஜெபத்தோடு நின்றுவிடாமல், நம் தொகுதி உறுப்பினரிடம் கேட்போம்: மழை பெய்யாத ஆண்டில், அந்த அறுபது நாளுக்கு, அவர்களை வேலைக்கு அழைப்பவர் யார்?