கடிதம் வரும்வரை

என்னிடம் பயின்ற ஒருவன் வெளிநாட்டுப் பெருங்கம்பனி ஒன்றிலே பணிபுரிகின்றான். விலக்கப்பட்ட நண்பன் உறங்குகின்றான், எஞ்சிய தனக்கே உறக்கமில்லை என்று எழுதியிருந்தான். இது விந்தையன்று.

முகநூலை நடத்தும் மெற்றா கம்பனி 2022 நொவம்பரில் 11,000க்கு மேற்பட்டோரை விலக்கிற்று. 2023 மார்ச்சிலே, இன்னும் ஏறத்தாழ 10,000 பேர் விலக்கப்படுவரென அதன் தலைவர் மார்க் சக்கர்பேர்க் அறிவித்தார். தொழில்நுட்பப் பகுதியினர் ஏப்பிரில் வரையும், வணிகப் பகுதியினர் மே இறுதிவரையும் காத்திருக்க நேர்ந்தது. மறைக்காது உரைத்தமை நேர்மையே. ஆயினும், செல்வோர் யாரென உரையாமையால், 10,000 பேரின் இடர் 70,000க்கு மேற்பட்டோரின் அச்சமாயிற்று. அவ்வாண்டுக்கு அவர் இட்ட பெயரோ 'வினைத்திறன் ஆண்டு'! அஞ்சும் உள்ளம் பிழையை மறைக்கும், புதியதை முயலாது, அருகிருப்பவனைப் போட்டியாளனாய் நோக்கும். அங்கே வினைத்திறன் எவ்வாறு தழைக்கும்?

அவனுக்கு நான் விடுத்த மறுமொழி சிறிது. பல வேளைகளில் ஒரு பிரிவே முழுமையாக மூடப்படுகின்றது. ஆதலின், பட்டியலிற் பெயர் வருவது உன் தகுதிக்கு இட்ட புள்ளியன்று. இயன்றதைச் சேமி, கற்றலைக் கைவிடாதே, அருகிருப்பவனோடு மனம்விட்டுப் பேசு. அச்சத்தைப் பகிர்ந்துகொண்டோர் ஒருவருக்கொருவர் போட்டியாளர் ஆகார்.