நிலத்துக்குக் கீழே யார் சொத்து?

எங்கள் ஊர் ஏரிக்கரையைத் தாண்டினால் வயல் வரப்புகளில் ஆங்காங்கே மஞ்சள் நிறக் குத்துக்கற்கள் தெரியும். கீழே எரிவாயுக் குழாய் போகிறது, தோண்டாதே என்று எச்சரிக்கும் கற்கள். காலை நடையில் தினமும் சந்திக்கிற விவசாயி ஒருவர் போன வாரம் அந்தக் கல்லருகே என்னை நிறுத்தினார். "சார், நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவரு. இந்த இடத்துல நாலு தென்னங்கன்னு வெச்சா தப்பா?"

வைக்கக் கூடாது என்றேன். "பட்டா என் பேர்லதானே சார் இருக்குது?" என்றார்.

பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோலியக் குழாய்களுக்கென்று 1962-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. அது நிலத்தை எடுப்பதில்லை, நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அதன் பிறகு குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. உரிமைக்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி. என் சர்வீஸில் இந்த மாதிரி நோட்டீஸ் சார்வு செய்யும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் கைநாட்டு வைத்துவிட்டு மடித்துப் பரணில் போடுவார். எதிர்வீட்டுப் பையன் படித்துச் சொல்லி அவர் பதறிக்கொண்டு வரும்போது 21 நாள் முடிந்திருக்கும். கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிய குமாஸ்தாக்களில் நானும் ஒருவன்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் திரவ எரிவாயு முனையம் திறந்தார்கள். அங்கிருந்துதான் திருவள்ளூர் வழியாகப் பெங்களூருக்கும், தெற்கே புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடிக்கும் குழாய்த் திட்டம். "அது சரி சார், டெல்டாவுல பாறையை ஒடைச்சு கேஸ் எடுக்கக் கூடாதுன்னு சண்டை போட்டாங்களே, அதுவும் இதே கதைதானா?" என்று கேட்டார் அவர். அங்கே நின்றபடி சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சு வழியில். தமிழில் கோப்பு எழுதப் பழகியதே வேலைக்கு வந்த பிறகுதான். என் அத்தை மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரான்சின் தென்பகுதியில் இருக்கிறார். 2011-இல் அவர் அனுப்பிய பத்திரிகைத் துணுக்குகளில்தான் 'காஸ் து ஷிஸ்ட்' என்ற சொல்லை முதலில் பார்த்தேன். ஷேல் எரிவாயுவுக்கு அவர்கள் வைத்த பெயர். ஷேல் என்பது சேறும் களிமண்ணும் இறுகிப் பாறையானது. வாயு அதற்குள்ளேயே சிக்கிக் கிடக்கும், துளை போட்டால் மட்டும் வராது. இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே போய், துளையைப் படுக்கை வாட்டில் திருப்பி, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் தண்ணீர் ஆகும். அதில் ஒரு பங்கு உப்பும் ரசாயனமுமாக மேலே திரும்பி வரும். கிணறும் சீக்கிரம் சோர்ந்துவிடும், பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும்.

அமெரிக்காவில் இது ஏன் அப்படிப் பரவியது? அங்கே நிலத்துக்குக் கீழே இருப்பதும் தனியார் சொத்து. கனிம உரிமை வைத்திருக்கும் விவசாயிக்குக் கம்பெனி ராயல்டி தரும். பிரான்சில் நெப்போலியன் காலத்து 1810 சுரங்கச் சட்டம் தொட்டே கீழே இருப்பதை யார் எடுக்கலாம் என்று சொல்வது அரசாங்கம். நம் நாட்டிலும் எரிவாயு எடுக்க உரிமம் தருவது அரசு, ராயல்டி போவதும் அரசுக்கு. மேலே குடியிருப்பவனுக்கு லாரிச் சத்தமும் சேறும்தான் பங்கு.

பிரான்சில் 2010 மார்ச்சில் மூன்று உரிமங்களைச் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். ஊர் மக்களுக்குத் தெரியவந்தபோது ஆண்டு முடியப் போனது. 2011 பிப்ரவரியில் அர்தேஷ் மாவட்டத்தில் வில்நெவ் து பேர் என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஜூலை 13-ஆம் தேதி பாறையைப் பிளக்கும் முறையையே தடை செய்து சட்டம் வந்துவிட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 2013-இல் அரசியலமைப்பு மன்றம் சட்டம் செல்லும் என்றது.

இங்கே மன்னார்குடியில் 2010-இல் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது ஷேல் அல்ல, ஆனால் பயம் ஒன்றுதான். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் கடைசியில் நம்மாழ்வார் காலமானார். 2017 பிப்ரவரி 15-ஆம் தேதி தில்லியில் ஒப்புதல் கொடுத்தார்கள், நெடுவாசல் மக்கள் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் காரைக்காலும் இருந்தது. 2020 பிப்ரவரியில் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் கிணறுகளை அது தொடாது. காரைக்கால் புதுச்சேரியில் இருப்பதால் அங்கும் செல்லாது. வரப்பு ஒன்றுதான், கீழே பாறையும் ஒன்றுதான்.

குமாஸ்தா புத்தியோ என்னவோ, எனக்குக் கண்ணில் உறுத்துவது சொற்கள். 2016-இல் வந்த புதிய கொள்கைப்படி சாதாரண எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். எல்லாம் 'ஹைட்ரோகார்பன்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாளை ஒட்டினால்கூடப் பாறையைப் பிளக்கப் போகிறார்களா இல்லையா என்பது அதிலிருந்து தெரியாது. 2020 ஜனவரியில் இன்னொரு திருத்தம் வந்தது, தேடுதல் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று. என் நோட்டீஸில் 21 நாளாவது இருந்தது!

கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்த முறையில் எடுக்கப் போகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு நீர் எங்கே போகும் என்று தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். டெல்டாவில் பாறையைப் பிளப்பது அறவே வேண்டாம். நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1960-களின் கடைசியிலிருந்து சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டிப் பக்கம் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினார்கள். கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. இளநீர் மாதிரி இருந்த கிணறுகள் உப்புக் கரித்தன. இன்று அதே மீஞ்சூர் பெயரில் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை நடக்கிறது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டே சமைத்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். கேஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அமெரிக்க எரிவாயு கப்பலில் இந்தியாவுக்கு வருகிறது. தன் மண்ணில் தடை போட்ட பிரான்சும் அதையேதான் வாங்குகிறது. வேறு யாரோ ஒருவர் ஊர்ப் பாறையைப் பிளந்து எடுத்ததில் இங்கே கும்மிடிப்பூண்டி உலைகள் எரியலாம், என் வீட்டு அடுப்பும் ஒருநாள் எரியலாம். மனசுக்கு இது சங்கடம்தான். அவர்களுக்குக் கையில் ராயல்டியாவது கிடைத்தது என்று சமாதானம் செய்துகொள்கிறேன். நெடுவாசல்காரருக்கு அதுவும் இல்லை.

நேற்று அவரைப் பார்த்து இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்லிலிருந்து எத்தனை அடி தள்ளித் தென்னை வைக்கலாம் என்றார். வீட்டில் இருக்கும் நோட்டீஸை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.