தெய்வம் என்று சொல்லாதீர்கள்

நர்ஸுகளைத் தெய்வம் என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தெய்வத்துக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை என்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. தெய்வம் தன் மனச்சாட்சி உறுத்துகிறது என்று யாரிடமும் அழ முடியாது. 2021 மே மாதத்தில் நாலு பேர் மூச்சுக்குத் தவிக்க, ஒரே ஒரு ஆக்ஸிஜன் படுக்கையோடு நின்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்தாள், மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள். இன்றும் அவளை அரிப்பது களைப்பல்ல. 'தகாததைச் செய்துவிட்டேன்' என்ற எண்ணம்.

இதற்கு நம் நிர்வாகிகள் கண்டுபிடித்திருக்கும் மருந்து தியான வகுப்பு! மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டுமாம். மூச்சுக்காக மனிதர்கள் செத்ததைக் கண்டவளுக்கு இந்த உபதேசம்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைச் சொன்னார். பயம் மட்டும் மனிதனை முறித்துவிடுவதில்லை. நியாயம் எதுவோ அதை அதிகாரத்தில் இருப்பவர்களே காட்டிக்கொடுக்கும்போது ஏற்படும் காயம் ஆழமானது. ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும் என்பேன். படுக்கை இல்லாமல் போனதற்கு அந்த நர்ஸா காரணம்?

"உன்மேல் தப்பில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறோமே!" என்பீர்கள். யாருடைய தப்பு என்று சொல்லாமல் உன் தப்பில்லை என்றால் அவள் எப்படி நம்புவாள்?

2020 மே 3-ஆம் தேதி விமானப் படை ஆஸ்பத்திரிகள்மீது பூமாரி பொழிந்தது. கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளுக்கு, 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது என்றது தமிழக அரசு. பூவின் விலை இவ்வளவுதான்.

காயம் ஆற வேண்டுமானால், நடந்ததை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதற்காக மெமோவோ மாற்றல் உத்தரவோ வரக் கூடாது. டீன் முதல் செயலாளர் வரை எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். "போதிய ஆளும் படுக்கையும் தராதது எங்கள் குற்றம்" என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட கையோடு வார்டுக்கு வேண்டிய ஆட்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

இதைச் செய்ய முடியாதவர்கள், தயவுசெய்து, கையையாவது தட்டாமல் இருக்கட்டும்.