ஒரு கையால் சாப்பிட ஒரு சாண்ட்விச்

மகளின் பிரசவத்துக்காக டோக்கியோ போயிருந்தேன். "குழந்தை தூங்கட்டும்மா, அப்புறம் சாப்பிடறேன்" என்பாள்; குழந்தை தூங்கினால் இவளும் தூங்கிவிடுவாள்! பால் கொடுக்கிற உடம்பு தாங்குமா?

அங்கே பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் தரைக்குக் கீழ்த்தளம் முழுக்க உணவுக் கவுன்ட்டர்கள். முட்டை சாண்ட்விச் வாங்கி வந்தேன். ஓரம் நறுக்கிய பஞ்சு ரொட்டி. நடுவில் அவித்து மசித்த முட்டையும் மயோனைஸும். குழந்தையைத் தட்டிக்கொண்டே முழுசும் சாப்பிட்டாள்!

பன்றி இறைச்சிக் கட்லெட் வைத்ததும் உண்டு. 1935-ல் டோக்கியோவின் 'இசென்' கடைக்காரர்கள், கெய்ஷாப் பெண்களின் உதட்டுச் சாயம் கலையாதபடி சின்னச் சின்னதாக அதைச் செய்தார்களாம். பெண்ணின் பசியையும் நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

இளம் தாய்மார்களே, ஒரு கையால் சாப்பிடத் தோதாக ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை என்றால் ஃபிரிஜ்ஜில் வைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.