கைத்தொழிலும் கட்டாயப் பாடமும்

உயர்நிலைப் பள்ளித் தேர்வுகளில் ஓர் உரைப்பகுதியைத் தந்து, ‘இதிலிருந்து நீ உய்த்துணர்வது யாது?’ என வினவுவர். சமையலும் தச்சும் மின்பழுது பார்த்தலும் எல்லா மாணவர்க்கும் கற்பிக்கப்பெறல் வேண்டும் என்றது அத்தகைய பகுதி ஒன்று. ‘கணக்கும் அறிவியலும் பயனற்றவை என்பதே ஆசிரியர் கருத்து’ என்று நம் வீட்டுச் சிறுவன் விடை எழுதினான். பகுதியில் அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை.

சிறுவனை நோவானேன்? செயல்முறைப் பாடம் என்றாலே படிப்பு ஏறாதவனுக்கு உரியது என்று உய்த்துணர்வோர் பெற்றோராகிய நாமன்றோ! காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கைத்தொழில்வழிக் கல்வியை முன்வைத்தார். கோத்தாரிக் குழு (1964–66) பணி அனுபவத்தைக் கல்வியின் பிரிக்கவொண்ணாக் கூறு என்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பையில்லா 10 நாள்களைப் பரிந்துரைத்தது. எனினும் தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது கைத்தொழில் பாடவேளையே. பறிக்குமாறு ஆசிரியரை வேண்டுவோரும் நாமே.

‘குலக்கல்வியை மறந்தீரோ?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மறந்தோமில்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பயிலச் சொன்னது. 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டார், நன்றே செய்தார். அத்திட்டத்தின் குற்றம் கைத்தொழில் அன்று. தச்சன் மகனுக்கே தச்சு என்றதே குற்றம். எழுத்தர் மகனும் இழைப்புளி பிடிப்பானாயின் அங்கே குலம் ஏது? விருப்பப் பாடமாக விட்டுவைத்தால்தான் ஏழைப் பிள்ளை மட்டும் அதனுள் தள்ளப்படுவான். எனவே எல்லார்க்கும் கட்டாயமாக்குக என்கிறோம். கணக்கைக் கைவிடுக என்கிலோம். அளவு தெரியாத தச்சன் கதவு செய்ய இயலுமா?

நாம் இருபது ஆண்டுகளாகக் கோப்பு எழுதுகிறோம். ஒரு நாள் இரவு ஃபியூஸ் போயிற்று. ஊரிலாயின் கூப்பிட்ட குரலுக்கு மாமனோ மைத்துனனோ வந்திருப்பார். இங்கே மின்பணியாளர் வரும்வரை, பட்டம் பெற்ற நாம் மனைவி மக்களோடு இருளில் அமர்ந்திருந்தோம். சுற்றம் தொலைவில் உள்ள குடும்பங்களுக்குக் கைப்பழக்கம் இருமடங்கு தேவை என்பதை அன்று உணர்ந்தோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், ‘அந்தப் பாடவேளையைப் பறிக்காதீர்’ என்று நாமே எழுந்து கேட்போம். சிறுவனின் விடையைத் திருத்துமுன் நம் விடையைத் திருத்திக்கொள்வோம்.